விக்டோரிய கால மேடையில் நடிகருக்கு நடிகர் எழுதிய பாராட்டுக் கடிதங்கள்: நாடக வரலாற்றுச் சான்று என்னும் நிலையில் ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தில் விக்டோரியா அரசி ஆட்சி செய்த காலத்தில் (1837–1901) மேடை நடிகர்கள் தம் தொழிலைச் சேர்ந்த பிற நடிகர்களுக்கு எழுதிய பாராட்டுக் கடிதங்கள் நாடக வரலாற்று நூல்களில் பெரும்பாலும் அணிகலனாகவே எடுத்தாளப்படுகின்றன. அவற்றைச் சான்றாகக் கொள்வதாயின், எழுதியவர் அந்த நடிப்பை நேரில் கண்டாரா, எதைப் பாராட்டினார், எதைச் சொல்லாமல் விட்டார், அப்பாராட்டினால் அவர் எதையேனும் இழந்தாரா, கடிதத்தை அச்சேற்றியவர் யார் என்னும் வினாக்களை எழுப்பியாகவேண்டும். மேக்ரெடி, ஃபாரஸ்ட், குஷ்மன், இர்விங், பூத், ராபின்ஸ், கேம்பல் ஆகியோர் தொடர்பான நிகழ்வுகளைக் கொண்டு இவ்வினாக்களின் தேவையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விக்டோரிய நாடகம், பாராட்டுக் கடிதம், லைசியம் அரங்கு, ஹென்றி இர்விங், எட்வின் பூத், சார்லட் குஷ்மன், எலிசபெத் ராபின்ஸ்.

முன்னுரை

மேடை நடிப்பு நிகழும்போதே மறைந்துவிடும் கலை. பத்தொன்பதாம் நூற்றாண்டு நடிகரின் குரலையும் அசைவையும் இன்று அறிய விழைவோருக்கு இதழ் விமரிசனங்கள், விளம்பரத் தாள்கள், ஓவியங்கள், நடிகர்கள் ஓரங்களில் குறிப்பெழுதி வைத்த நாடகப் படிகள் ஆகியனவே எஞ்சியுள்ளன. விமரிசகர் பார்வையாளர் பகுதியிலிருந்து பார்த்தவர். மறுநாள் இதழுக்காக நள்ளிரவில் விரைந்து எழுதியவர். சக நடிகரோ அதே வசனத்தைத் தாமும் பேசிப் பார்த்தவர். ஒரு காட்சியில் மூச்சை எங்கே அடக்கவேண்டும், எங்கே விடவேண்டும் என்பதைத் தம் உடம்பால் அறிந்தவர். எனவே அவர் எழுதிய பாராட்டுக்குத் தனி மதிப்பு உண்டு எனக் கருதுவது இயல்பே.

அக்கருத்தை அப்படியே ஏற்பதிலும் இடர் உள்ளது. புலவர்களிடையே நிலவும் பொறாமையைத் தமிழில் ‘புலமைக் காய்ச்சல்’ என்பர். நடிகர்களிடையே அக்காய்ச்சல் மேலும் கடுமையானது. ஒருவருக்குக் கிட்டிய பாத்திரம் மற்றவருக்குக் கிட்டாது. ஓர் அரங்கு நிரம்பினால் அடுத்த அரங்கில் இருக்கைகள் காலியாகும். இத்தகைய தொழிலில் எழுந்த புகழ்மொழியை வெறும் நாகரிகச் சடங்கு என ஒதுக்குவோரும் உளர். முழு நம்பிக்கை, முழு ஐயம் ஆகிய இரண்டுமே கடிதத்தைப் படிக்காமல் விடுவதற்கான எளிய வழிகளாகவே முடிகின்றன.

நடிகை எலன் டெர்ரிக்கும் பெர்னார்ட் ஷாவுக்கும் இடையே 1892இல் தொடங்கி, 1931இல் நூலாக வெளிவந்த கடிதப் போக்குவரத்தே இக்காலக் கடிதங்களுள் மிகுந்த புகழ் பெற்றது. ஷா நடிகர் அல்லர், விமரிசகர், நாடகாசிரியர். தம் நாடகங்களில் டெர்ரி நடிக்கவேண்டும் என்னும் நோக்கமும் அவருக்கு இருந்தது. ஆதலால் அக்கடிதங்கள் இக்கட்டுரையின் எல்லைக்குள் வரவில்லை. அவற்றின் புகழே நடிகர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை நிழலில் தள்ளிவிட்டது எனலாம்.

அஞ்சலும் அரங்க நேரமும்

1840 ஜனவரி 10 முதல் பிரிட்டன் முழுவதும் அரை அவுன்சு எடையுள்ள கடிதத்துக்கு ஒரு பென்னி என்னும் சீரான கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதம் அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. அதற்கு முன்னர்த் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கட்டணம் விதித்தனர். பெரும்பாலும் பெறுபவரே அதைச் செலுத்தினார். அறிமுகமில்லாத ஒருவருக்குப் பாராட்டு எழுதினால், அதைப் படிக்கும் செலவையும் அவர்மீதே சுமத்தியதாகும். பென்னி அஞ்சல் இந்தத் தயக்கத்தைப் போக்கியது. லண்டனுக்குள் ஒரே நாளில் பலமுறை அஞ்சல் வழங்கப்பட்டதால், இரவு நாடகம் பார்த்தவர் எழுதிய கடிதம் மறுநாள் ஒப்பனை தொடங்குமுன் மேடை வாயிலில் காத்திருக்க முடிந்தது.

அஞ்சல் எளிதாயிற்று, பார்ப்பதுதான் எளிதாகவில்லை. எல்லா அரங்குகளிலும் திரை ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்தது. லைசியத்தில் நடிப்பவர் ஹேமார்க்கெட்டில் நடப்பதைக் காண முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு. ஆனால் அன்று அனைத்து அரங்குகளும் மூடப்பட்டிருக்கும். ஆகவே நடிகர் ஒருவர் இன்னொருவரைக் காணவேண்டுமாயின், தாம் வேலையின்றி இருக்கவேண்டும், அல்லது தமக்குப் பாத்திரமில்லாத நாடகம் தம் அரங்கில் நடக்கவேண்டும், அல்லது பகற்காட்சி கிடைக்கவேண்டும். 1875இல் இத்தாலிய நடிகர் டொம்மாசோ சால்வினி டிரூரி லேன் அரங்கில் ஒத்தெல்லோவாக நடித்தபோது, லண்டன் நடிகர்களுக்கெனத் தனிப் பகற்காட்சி ஒன்று நடத்தப்பட்டமை இந்தத் தட்டுப்பாட்டுக்குத் தெளிவான சான்று. தொழிலின் சிறந்த முன்மாதிரிகளைத் தொழில் புரிவோரே காண முடியாத நிலை இருந்தது.

இந்நிலை கடிதங்களை மதிப்பிடுவதற்கு முதல் அளவுகோலைத் தருகிறது. குறிப்பிட்ட நாளில் எழுதியவர் எங்கு நடித்துக்கொண்டிருந்தார் என்பதை விளம்பரத் தாள்களிலிருந்து பெரும்பாலும் கண்டறிய இயலும். அவ்விரவில் அவரும் மேடையில் இருந்தாராயின், அவர் பாராட்டுவது கேள்விப்பட்ட நடிப்பையே. அவ்வகைக் கடிதம் நட்புக்குச் சான்றாகலாம், நடிப்புக்குச் சான்றாகாது. இந்த எளிய சோதனையைக்கூடச் செய்யாமல் கடிதங்களை மேற்கோள் காட்டும் வழக்கம் நடிகர் வாழ்க்கை வரலாறுகளில் மிகுதி.

நினைவே அளவுகோல்

அமெரிக்க நடிகை சார்லட் குஷ்மன் 1845 பிப்ரவரியில் லண்டன் பிரின்சஸ் அரங்கில் முதன்முதலாகத் தோன்றினார். அவ்வாண்டு டிசம்பரில் ஹேமார்க்கெட் அரங்கில் அவர் ரோமியோவாகவும் அவர் தங்கை சூசன் ஜூலியட்டாகவும் நடித்தனர். பெண்ணொருத்தி ரோமியோ வேடம் ஏற்றது விந்தையாகவே பார்க்கப்பட்டிருக்கக்கூடும். தொழில் அறிந்தவர்கள் அதை விந்தையாகக் கருதவில்லை என்பதற்கு ஷெரிடன் நோல்சின் பாராட்டு சான்றாகிறது. நோல்ஸ் நாடகாசிரியராகப் புகழ் பெற்றவர். தம் நாடகங்களில் தாமே நடித்தவருமாவார். துறவி லாரன்சின் அறையில் நாடுகடத்தல் செய்தி கேட்டு ரோமியோ தரையில் விழுந்து புலம்பும் காட்சியில் குஷ்மன் காட்டிய வேகத்தை, எட்மண்ட் கீன் ஒத்தெல்லோவின் மூன்றாம் அங்கத்தில் காட்டிய வேகத்தோடு அவர் ஒப்பிட்டார்.

இங்குக் கருதத்தக்கது புகழ்ச்சியின் அளவன்று, அதன் வடிவம். கீன் 1833இல் இறந்தவர். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும், ஒரு குறிப்பிட்ட அங்கத்தில் அவர் செய்தது தொழிலினரிடையே பொது அளவுகோலாக நின்றது. ‘அழகு’, ‘மேன்மை’ என்னும் பொதுச் சொற்களை விட்டுக் காட்சியையும் அங்கத்தையும் சுட்டி ஒப்பிடும் கடிதங்களில்தான் நாடக வரலாற்றுக்கு வேண்டிய செய்தி உள்ளது. அவை இரண்டு நடிப்புகளைப் பற்றி ஒருசேரப் பேசுகின்றன. பாராட்டப்பட்டவரைப் பற்றி அறிய முற்படும் ஆய்வாளர், மறைந்துபோன மற்றொருவரைப் பற்றியும் அறிந்துகொள்கிறார்.

இந்நினைவு எப்போதும் தாளில்தான் பதிந்தது என்பதில்லை. 1877இல் ஹென்றி இர்விங் லைசியத்தில் மூன்றாம் ரிச்சர்ட் வேடம் ஏற்றபோது, அவ்வேடத்தில் கீன் அணிந்த வாளை முதிய நடிகர் சிப்பென்டேல் அவருக்கு அளித்தார். அவ்வாள் பின்னர் கேட் டெர்ரி கீல்குட் வழியாக ஜான் கீல்குட்டை அடைந்தது. 1944இல் லாரன்ஸ் ஒலிவியே அதே வேடத்தில் நடித்ததைப் பாராட்டி கீல்குட் அதனை அவருக்கு வழங்கினார். வாளில் பொறிக்கப்பட்ட வாசகமும் ஒரு பாராட்டுக் கடிதமே.

பகையும் மரியாதையும்

பாராட்டு மடல் எழுதுவதில் என்ன பெரிய செய்தி இருக்கிறது என வினவுவோர் அதன் மறுபக்கத்தை நோக்கவேண்டும். 1846 மார்ச் மாதம் எடின்பரோவில் வில்லியம் சார்லஸ் மேக்ரெடி ஹாம்லெட்டாக நடித்துக் கைக்குட்டையை வீசி நடந்தபோது, பார்வையாளர் பகுதியிலிருந்த அமெரிக்க நடிகர் எட்வின் ஃபாரஸ்ட் சீறி இகழ்ச்சியொலி எழுப்பினார். செய்தி பரவியதும் ஃபாரஸ்ட் ‘தி டைம்ஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் தாம் அவ்வாறு செய்ததை ஒப்புக்கொண்டு, அது பார்வையாளரின் உரிமை எனவும் வாதிட்டார். ஒரு நடிகர் இன்னொரு நடிகரின் நடிப்பைப் பற்றி எழுதிய கடிதங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அது அச்சில் எழுந்த பகை. மூன்றாண்டுகளுக்குப் பின், 1849 மே 10 அன்று, நியூயார்க்கில் மேக்ரெடி நடித்துக்கொண்டிருந்த ஆஸ்டர் பிளேஸ் அரங்கின் வெளியே கலவரம் மூண்டது. படையினர் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வகுப்புப் பிளவும் அமெரிக்க நாட்டுணர்வும் அக்கலவரத்துக்கு உரமாயின என்பதில் ஐயமில்லை. எனினும் அவை பற்றிக்கொள்ள ஒரு கொழுந்து தேவைப்பட்டது. அதை இரு நடிகர்களின் பகை தந்தது.

மேக்ரெடியின் நாட்குறிப்புகள் இரு தொகுதிகளாக 1912இல் வெளிவந்தன. சக நடிகர்களைப் பற்றிய எரிச்சலும் தம் தொழிலைப் பற்றிய வெறுப்பும் அவற்றில் விரவிக் கிடக்கின்றன. ஆனால் இதே மேக்ரெடிதான் 1843இல் அமெரிக்காவில் தம்முடன் நடித்த குஷ்மனின் ஆற்றலை உணர்ந்து, இங்கிலாந்து சென்று பயிலுமாறு அவரை ஊக்கினார். நாட்குறிப்பில் உள்ளது உண்மை, வெளியே சொன்னது வேடம் என முடிவுகட்டுவது அவசரமாகும். களைத்துப்போன இரவில் தனக்குத் தானே எழுதுபவரும், மறுநாள் இன்னொருவரின் எதிர்காலத்தைக் கருதிப் பேசுபவரும் ஒருவரே, இரண்டும் அவரே.

இர்விங், எட்வின் பூத் ஆகியோரின் நிகழ்வை ஆஸ்டர் பிளேஸ் நினைவின் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் எடை விளங்கும். அமெரிக்காவின் தலைசிறந்த துன்பியல் நடிகரான பூத் 1880 நவம்பரில் லண்டன் பிரின்சஸ் அரங்கில் ஹாம்லெட்டாகத் தோன்றினார். வரவேற்பு மிதமாகவே இருந்தது. அப்போது லைசியத்தை நடத்தி வந்த இர்விங் லண்டன் மேடையின் முடிசூடா மன்னர். இரு நாட்டு இதழ்களும் மீண்டும் ஒரு நடிகர் சண்டையை மூட்டிவிட ஆயத்தமாயிருந்தன எனலாம். தம் அரங்கில் பகற்காட்சிகள் நடத்த இடம் கேட்ட பூத்துக்கு, இருவரும் சேர்ந்தே நடிக்கலாம் என இர்விங் அழைப்பு விடுத்தார். 1881 மே 2 முதல் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் ஒருவர் ஒத்தெல்லோவாகவும் மற்றவர் இயாகோவாகவும் மாறி மாறி நடித்தனர். எலன் டெர்ரி டெஸ்டிமோனா. நுழைவுக் கட்டணம் உயர்த்தப்பட்டும் அரங்கு நிறைந்தது. அக்காலத்தில் பூத்தின் மனைவி நோய் முற்றிக் கிடந்தார், அவ்வாண்டே இறந்தார். மனம் உடைந்த நிலையிலிருந்த அவரைப் பற்றி டெர்ரி தம் வாழ்க்கை நூலில் (1908) பரிவுடன் எழுதியுள்ளார்.

பூத்தின் கடிதங்களை அவர் மகள் எட்வினா 1894இல் தொகுத்து வெளியிட்டார். அவற்றில் இர்விங்கின் பண்பும் விருந்தோம்பலும் நிறைந்த நன்றியுடன் பேசப்படுகின்றன. பாராட்டு எங்கே தங்கி நிற்கிறது என்பதை இங்கு உன்னிப்பாகக் கவனிக்கவேண்டும். அரங்கை நடத்துபவரைப் பற்றிய புகழ்ச்சி தாராளமாக வருகிறது. வேடம் ஏற்றவரைப் பற்றிய புகழ்ச்சி அதே தாராளத்துடன் வரவில்லை. பூத்தின் நடிப்பு இசைத்தன்மை வாய்ந்த வசன உச்சரிப்பில் ஊன்றியது. இர்விங்கின் உச்சரிப்போ அக்காலத்திலேயே கேலிக்கு உள்ளானது. வேறுபட்ட நெறியைச் சேர்ந்த ஒருவரைப் பொய்யாகப் புகழாமலும், அதே வேளையில் குறை கூறாமலும் நன்றி பாராட்டும் கலை இக்கடிதங்களில் உள்ளது. சொல்லாமல் விடப்பட்ட இடத்தைப் பொறாமை என வாசிப்பது தவறு. அது கலைநெறி வேறுபாட்டின் நேர்மையான பதிவு.

எழுதிய கை, அச்சேற்றிய கை

லைசியம் அரங்கிலிருந்து புறப்பட்ட கடிதங்களை ஆராய்வோருக்குத் தனியொரு சிக்கல் உண்டு. 1878 முதல் அவ்வரங்கின் மேலாளராக இருந்தவர் ‘டிராகுலா’ நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கர். இர்விங்கின் பெயரால் சென்ற கடிதங்களுள் மிகப் பெரும்பகுதியை அவரே எழுதினார். 1906இல் வெளியிட்ட நினைவு நூலில் அவை இலட்சக்கணக்கில் இருக்கும் என அவரே கணக்குச் சொல்கிறார். எனவே கையெழுத்து யாருடையது என்பதை மூலத்தில் காணாமல், ‘இர்விங் இவ்வாறு பாராட்டினார்’ என எழுதுவது பொருந்தாது. டெர்ரியின் கடிதங்களில் இச்சிக்கல் எழுவதில்லை. அடிக்கோடுகளும் இடைக்கோடுகளும் வியப்புக்குறிகளும் நிறைந்த அவர் எழுத்து எவராலும் போலி செய்ய இயலாதது. கேத்தரின் காக்கின் 2010 முதல் பதிப்பித்த டெர்ரி கடிதத் தொகுதிகளால் அவற்றை இன்று ஒழுங்காகப் படிக்க முடிகிறது.

அச்சேற்றுவோரின் நோக்கமும் கருதத்தக்கது. பாங்கிராஃப்ட் தம்பதியர் 1888இல் வெளியிட்டது போன்ற நடிகர் தன்வரலாறுகளில், தமக்கு வந்த கடிதங்கள் மிகுதியாக இடம்பெற்றன. நாடோடிகளோடு சேர்த்து எண்ணப்பட்ட பழைய இழிவு நடிகர்களை முற்றிலும் விட்டு அகலாத காலம் அது. மதிப்புடைய மனிதர் என்பதற்கு மதிப்புடையோரின் கடிதம் நற்சான்றிதழ் ஆயிற்று. 1895 ஜூலையில் நடிகர்களுள் முதல்வராக இர்விங் ‘சர்’ பட்டம் பெற்றபோது, நடிகர்கள் ஏறக்குறைய நாலாயிரம் பேர் கையொப்பமிட்ட வாழ்த்துமடல் லைசியம் மேடையில் அவருக்கு அளிக்கப்பட்டது. அதை நடிப்புக்கான பாராட்டாகப் படிப்பதைவிட, ஒரு தொழில் தனக்குத் தானே எழுதிக்கொண்ட கடிதமாகப் படிப்பது பொருந்தும்.

நடிகையர் கடிதங்கள்

பெண்கள் பெண்களுக்கு எழுதியவற்றில் அன்புச் சொற்கள் மிகுதி. அவற்றைக் கொண்டு உறவின் தன்மையை முடிவு செய்வதில் ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர். குஷ்மனைப் பற்றி லிசா மெரில் 1999இல் எழுதிய நூல், அவருடைய கடிதங்களில் பெண்களிடையேயான காதலை வெளிப்படையாக இனம்காண்கிறது. குஷ்மனின் துணைவியான சிற்பி எம்மா ஸ்டெபின்ஸ் 1878இல் தொகுத்த நூலோ அதே வாழ்க்கையைக் கண்ணியமான நட்பாக வரைந்தது. ஷேரன் மார்கஸ் 2007இல் வெளியிட்ட ஆய்வு, விக்டோரிய சமூகம் பெண்களின் நெருக்கத்துக்கு நாம் எண்ணுவதைவிடப் பரந்த இடம் தந்திருந்தது என நிறுவுகிறது. நாடகக் கடிதங்களைப் பொறுத்தவரை விளிச்சொற்களின் வெப்பத்தைவிட, கடிதத்தைச் சூழ்ந்த செயல்களே உறுதியான சான்றாகும்.

அதற்குத் தக்க எடுத்துக்காட்டு 1893ஆம் ஆண்டின் நிகழ்வு. ஆர்தர் பினெரோவின் ‘இரண்டாம் திருமதி டாங்கரே’ எனத் தமிழில் பொருள்கொள்ளத்தக்க நாடகத்தைச் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் நிகழ்த்த ஜார்ஜ் அலெக்சாண்டர் ஆயத்தம் செய்தார். கடந்தகாலக் களங்கமுடைய பவுலா என்னும் தலைவி வேடத்துக்குத் திருமதி பேட்ரிக் கேம்பலை அழைக்க விரும்பினர். அவரோ அடெல்ஃபி அரங்கில் கட்டி சகோதரர்களின் ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார். அவர்கள் விடுவிக்க மறுத்தனர். ஆகவே அவ்வேடம் எலிசபெத் ராபின்சுக்கு வழங்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த ராபின்ஸ் 1891இல் மேரியன் லீயுடன் இணைந்து இப்சனின் ‘ஹெடா காப்ளர்’ நாடகத்தைத் தாமே முயன்று லண்டனில் அரங்கேற்றியவர். ஆற்றல் இருந்தும் முதன்மை அரங்குகளில் நிலையான இடம் பெறாத அவருக்கு, இவ்வேடம் ஒரு வாழ்நாள் வாய்ப்பு. இந்நிலையில் கட்டி சகோதரர்கள் மனம் மாறிக் கேம்பலை விடுவித்தனர். ராபின்ஸ் தமக்கு உறுதியான வேடத்தை விட்டுக்கொடுத்தார்.

ராபின்ஸ் எழுதிய கடிதம் கேம்பல் 1922இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. விளையாட்டான செல்லப் பெயரால் அழைத்து, இன்று லண்டனில் பொறாமைப்படத் தக்க பெண் வேறு எவரும் இல்லை என்னும் கருத்துப்பட அவர் எழுதுகிறார். கடிதத்தை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் அது வழக்கமான வாழ்த்து. அவ்வேடம் முன்பு யாருடையது என்பதை அறிந்து படித்தால் ‘பொறாமை’ என்னும் அச்சொல்லின் கனம் கூடுகிறது. தமக்கு நேர்ந்த இழப்பை மறைக்காமல், அதையே பாராட்டின் அளவாக மாற்றியிருக்கிறார் ராபின்ஸ். நேர்மைக்கு இதைவிடத் தெளிவான அடையாளத்தைக் கடித இலக்கியத்தில் எதிர்பார்க்க இயலாது. 1893 மே 27 அன்று நாடகம் அரங்கேறியது. ஓரிரவில் கேம்பல் புகழின் உச்சிக்குச் சென்றார்.

இக்கடிதத்தை அச்சேற்றியவர் பெற்றவரே என்பதையும், அது அவருக்குப் பெருமை சேர்ப்பது என்பதையும் மறக்கலாகாது. ஆனால் அதே பக்கங்களில் கேம்பல் தம் வாழ்க்கையை மாற்றிய வேடம் மற்றொருத்தியின் கையிலிருந்து வந்தது என்பதையும் பதிவு செய்கிறார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

1896 நவம்பரில் இப்சனின் ‘லிட்டில் எயோல்ஃப்’ நாடகத்தை ராபின்ஸ் அவென்யூ அரங்கில் நிகழ்த்தினார். தாம் ஆஸ்டாவாக நடித்தார். ஜேனட் ஆச்சர்ச் தலைவி ரீட்டா. எலி பிடிப்பவள் என்னும் சிறு வேடத்துக்கு, அப்போது லண்டனின் மிகப் பெரிய நட்சத்திரமாயிருந்த கேம்பல் வந்தார். சில நாள்களில் ஆச்சர்ச் விலக நேர்ந்தபோது ரீட்டா வேடமும் கேம்பலிடமே சென்றது.